மூன்றாவது இருநூறு

அவன் முகத்தை அம்மியில் வைத்து அரைக்க வேண்டும் என்று தங்கபுஷ்பத்துக்குத் தோன்றியது. தோன்றிய கையோடு ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று உதடு தானாக முணுமுணுத்தது, ஆனால் நினைப்பு நிற்கவில்லை, மூக்கு நசுங்கி, தாடை நொறுங்கி, கல்லில் ஒட்டினதை வழித்துவிட்டு மறுபடியும் அரைக்கிற மட்டும் போய்விட்டுத்தான் திரும்பியது. அவனுக்கு முகம் என்று ஒன்று கிடையாது என்பதுதான் கொடுமை. சிங்கம் 4141 என்று ஒரு பெயர், பெயருக்கு மேல் பல்லைக் காட்டுகிற சிங்கப் படம், அவ்வளவுதான். எந்த ஊர்க்காரனோ, கக்கூஸில் உட்கார்ந்து சீட்டாடுகிறானோ, ஆபீஸில் மேசைக்கடியில் போனை வைத்து ஆடுகிறானோ. ஏழும் நாலும் வைத்துக்கொண்டு ஒருத்தன் இருநூறு ரூபாயைத் தள்ளுவானா? தள்ளினான். அவள் கையில் ஏஸும் ராஜாவும். நடுவில் முதலில் விழுந்த மூன்றில் ஒரு ஏஸ், ஒரு ஏழு. அவள் பந்தயத்தை ஏற்ற, அவன் சம்மதிக்க, அவள் ஏற்ற, அவன் சம்மதிக்க, கடைசிச் சீட்டாக எங்கிருந்தோ ஒரு நாலு வந்து விழுந்து, ஏழு ஜோடி, நாலு ஜோடி, ரெண்டு ஜோடி ஆகி, குவியல் முழுவதும் சளசளவென்று சத்தம் போட்டுக்கொண்டு சிங்கத்தின் வாய்க்குள் போனது. மணி பதினொன்று பத்து. சாளைக் குழம்பு இறக்கியாகிவிட்டது, சோறு வடிந்துகொண்டிருந்தது, அடுப்படி ஜன்னல் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, போனை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்திருந்தாள். கையில் இன்னும் மீன் கவுச்சி. காலையில் ஒரு கிலோ சாளையை ஆயும்போது ஒவ்வொரு தலையாகத் திருகிக் கிள்ளி எறிந்ததில் ஒரு நிம்மதி இருந்தது, அதை ஒத்துக்கொள்ள அவளுக்குப் பயமாக இருந்தது. நேற்றுச் சாயங்காலத்திலிருந்து இந்த வலது கை அவள் கையாக இல்லை. தோளிலிருந்து விரல் வரை ஒரு முறுக்கு. இன்னொருத்தர் கையைக் கொண்டு வந்து தைத்துவிட்டது மாதிரி. மறுபடியும் இருநூறு போட்டு உட்காரவா என்று திரை கேட்டது. ஆம் என்று தொட்டாள். ஒரு நாளைக்கு இரண்டு இருநூறு வரைக்கும் போகலாம். அது அவள் சட்டம். இரண்டாவதும் போனால் எழுந்துவிட வேண்டும், வானமே இடிந்தாலும்.

சட்டத்தை அவள்தான் போட்டாள், யாரும் சொல்லித் தரவில்லை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்து மூன்று மாதம் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தபோது, மகன் ஆசீரின் பழைய போனில் இந்த ஆட்டம் இருந்தது. பொய்ப் பணத்தில் ஆடுகிற ஆட்டம்தான் முதலில். கையில் ரெண்டு சீட்டு, நடுவில் அஞ்சு சீட்டு, ஏழில் நல்லதாக அஞ்சு யாருக்குச் சேருகிறதோ அவனுக்குக் குவியல். வேதப் பாடக் கதை மாதிரி லேசாகப் புரிந்துவிட்டது. காசு போட்டு ஆட ஆரம்பித்த பிறகுதான் வலி தெரிந்தது. எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். மனுஷர்கள் இவ்வளவு பொய் சொல்லுவார்கள் என்று அவளுக்கு எட்டவே ஆறு மாதம் ஆயிற்று. ஒருத்தன் நூறு ரூபாயை ஏற்றினால் பாவம், நல்ல சீட்டு வந்திருக்கும்போல என்று விட்டுக்கொடுத்தாள். இல்லையென்றால், என்னதான் வைத்திருக்கிறான் பார்ப்போமே என்று பார்ப்பதற்காகவே காசு கட்டினாள், கல்யாண வீட்டில் பொண்ணுக்கு என்ன போட்டிருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கிற மாதிரி. பிறகு கற்றுக்கொண்டாள். அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி, பத்துக் கை வந்தால் எட்டைத் தூக்கி எறி. மிச்சம் இரண்டை எடுத்தால் அடி. யோசிக்காதே, அடி. மெதுவாக ஏற்றுகிறவன் தோற்பான், அடிக்கிறவன் ஜெயிப்பான். ஆசீர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "யம்மா, நீ என்ன இந்தப் போடு போடுத? நீ சீட்டாடுதது ஐயருக்குத் தெரிஞ்சா சபையை விட்டுத் தள்ளி வச்சிருவாரு" என்று சபைப் போதகரைச் சொல்லிச் சிரித்தான். "பத்துல ஒண்ணு கோயிலுக்குத்தாம்ல போவுது. அவரு ஏன் தள்ளுதாரு?" என்றாள். அப்படித்தான் மனசுக்குச் சமாதானம் சொல்லியிருந்தாள். சூதுதான், பாவம்தான், ஆனால் ஜெயித்து எழுந்த ஒவ்வொரு மேசைக்கும் பத்தில் ஒன்று தசமபாகக் கவரில் வைத்துவிட்டால் மற்ற ஒன்பதும் கழுவப்பட்டுவிடும். ஆட்டத்திலிருந்து பேங்குக்கு மாற்றின காசை ஏ.டி.எம்.மில் ஆசீர்தான் எடுத்து வருவான், அவளுக்குக் கால் இழுக்கும் என்பதால். மொத்த முதல் நாலாயிரம், மேசைக்கு இருநூறு, இருபதில் ஒரு பங்குக்கு மேல் ஒரு மேசையில் வைக்கக் கூடாது. உலையில் போடுவதற்கு முன் ஒரு கைப்பிடி அரிசியைக் கோயிலுக்கென்று தனிப் பானையில் எடுத்துப் போடுகிற வீட்டில் வளர்ந்தவள் அவள். கைப்பிடிதான், படி அல்ல. ஒரு கைப்பிடி போனால் அன்றைக்கு யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள். அதே அளவுதான் மேசைக்கும். இதை அவள் ஆசீரிடம் சொன்னபோது, "இதைத்தாம்மா அவனவன் இங்கிலீஷ்ல புஸ்தகம் போட்டு விக்கான்" என்றான். மகனுக்கு அன்றைக்கு அம்மாவை நினைத்துப் பெருமையாக இருந்தது. இதை நினைக்கக் கூடாது. அவன் காதை நினைக்கக் கூடாது. சீட்டு வந்துவிட்டது. மூன்றும் ஒன்பதும். தூக்கி எறி.

காது கிழிந்துவிட்டது. மடலில், கடுக்கன் போடுகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே, தோசைக்கரண்டியின் ஓரம் பட்டு. ரத்தம் கழுத்தில் இறங்கிச் சட்டைக் காலரில் ஊறியது. அதை அவன் தொடக்கூட இல்லை. நேற்றுச் சாயங்காலம்தான் அந்த ஆட்டத்துக்காரர்களே வருஷக் கணக்கு என்று ஒன்று அனுப்பியிருந்தார்கள், போன ஈஸ்டருக்கு அவள் காசு போட்டுச் சேர்ந்ததிலிருந்து இந்த ஈஸ்டர் வரைக்கும். ஜெயித்த மேசைகளில் முப்பத்தோராயிரம், தோற்ற மேசைகளில் இருபத்தெட்டாயிரத்து ஐந்நூறு, மிச்சம் லாபம் இரண்டாயிரத்து ஐந்நூறு, வாழ்த்துகள் என்று பூ எல்லாம் தூவி. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வயதில், இந்த எட்டாம் வகுப்புப் படிப்பில், முகம் தெரியாத ஆயிரம் தடியன்களை அடித்து இரண்டாயிரத்து ஐந்நூறு லாபம். நாலாயிரமும் இரண்டாயிரத்து ஐந்நூறும் ஆறாயிரத்து ஐந்நூறு. அப்புறம் ஆட்டத்தில் இருக்கிற இருப்பைப் பார்த்தாள். மூவாயிரத்து நானூறு. மூவாயிரத்து நூறு காணோம். இரண்டு தரம் கூட்டினாள், மூன்று தரம் கூட்டினாள். போனின் பூட்டு எண் தெரிந்தவன் ஒருத்தன், பேங்க் அட்டை கையில் உள்ளவன் அவனே, முன்னாலே மகள் பியூலாவின் சங்கிலியை எடுத்துக் குடித்தவனும் அவனே. அடுக்களையில் அவன் தோசைக்கு உட்கார்ந்திருந்தான். "ஏல, மூவாயிரத்து நூறு ரூவா எங்க?" "எந்த மூவாயிரம்?" "எந்த மூவாயிரமா? திரும்பவும் ஆரம்பிச்சிட்டியா நீ? வாயை ஊது." "யம்மா, நீ சொல்லாம ஒரு ரூவா நான் எடுக்கல." அவ்வளவுதான் சொன்னான். முதல் அடி அந்தப் பதிலுக்கு. இரண்டாவது அடி பியூலா சங்கிலிக்கு. மூன்றாவது அடி எதற்கு என்று அவளுக்குத் தெரியும், அதனால்தான் ராத்திரி முழுக்கப் படுக்கையில் புரண்டாள். நாலு வருஷத்துக்கு முன் இதே அடுக்களையில் குடித்துவிட்டு வந்து இதே அவன் விட்ட குத்தில் அவளுடைய கீழ்ப்பல் இரண்டு சோற்றுத் தட்டில் விழுந்தது. அதற்காக அவனை மன்னித்துவிட்டேன் என்று சபையில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சாட்சி சொன்னாள். மன்னிக்கவில்லை. மூன்றாவது அடி பல்லுக்கு. கரண்டி எலும்பில் பட்டு டணார் என்று கேட்டபோது உச்சந்தலை வரைக்கும் ஒரு ருசி ஏறியது, சர்க்கரைப் பாகு மாதிரி, ஆண்டவரே, இன்னொன்று போடு, இன்னொன்று போடு என்று கை கேட்டது. அவன் எழுந்து நின்றான். ஆறடி ஆள், மூட்டை தூக்குகிற தோள். இப்போது என்னைக் கொல்லப்போகிறான் என்று நினைத்தாள், கொல்லட்டும் என்றுகூட. அவன் கையைக் கட்டிக்கொண்டான். இரண்டு கையையும் கக்கத்தில் இறுக்கி வைத்துக்கொண்டு, மிருகத்தைக் கயிறு போட்டுப் பிடிக்கிற மாதிரி தன்னையே பிடித்துக்கொண்டு நின்றான். "உனக்கு நான் என்னைக்கும் களவாணிதானம்மா" என்றான். காலையில் சாப்பிடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ராணி. இன்னொரு ராணி. இரண்டு ராணி கையில். தங்கபுஷ்பம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மணி பதினொன்று இருபத்தாறு. இதற்குள் இரண்டாவது இருநூறில் சில்லறை சில்லறையாக முப்பது போயிருந்தது. சிங்கம் வழக்கம்போல எட்டு ரூபாய்க்கு ஏற்றினான். அவள் முப்பது. மற்றவர்கள் எறிந்துவிட்டார்கள். அவன் யோசிக்கவே இல்லை, இருக்கிறதை எல்லாம் தள்ளினான். இப்போது அவள் சொல்ல வேண்டும், சரியா, இல்லையா. பதினைந்து விநாடி, ஒரு பச்சைக் கோடு தேய்ந்துகொண்டே வரும். அவன் பொய்யன். அவன் கையில் ஒன்றும் இல்லை. அவன் தொண்டைக்குழியில் கட்டைவிரலை வைத்து, கோடு பத்துக்கு வந்துவிட்டது, அழுத்தி அழுத்தி, கண் பிதுங்கி வெளியே வருகிற மட்டும், எட்டு, அப்போது திரையின் மேலே ஆசீர் என்று எழுந்தது. ஆசீர் கூப்பிடுகிறான். பச்சை வட்டம் ஒன்று, சிவப்பு வட்டம் ஒன்று, ஆட்டத்தை மறைத்துக்கொண்டு. ஐந்து. அவள் விரல் சிவப்பைத் தொட்டது. தொடவில்லை, குத்தியது, ஈயை அடிக்கிற மாதிரி. பெயர் போனது, ஆட்டம் தெரிந்தது, சரி என்று அடித்தாள். சிங்கம் ராஜாவும் ஒன்பதும் காட்டினான். வெறும் ராஜா. அவளுக்கு வாயெல்லாம் எச்சில் ஊறியது. நாலு சீட்டு வரைக்கும் ராணிகள்தான் மேலே. ஐந்தாவதாக ராஜா வந்தான். சளசளவென்று அந்தச் சத்தம். நாற்காலியிலிருந்து எழுந்து எங்கேயாவது எதையாவது உடைக்க வேண்டும்போல இருந்தது, பக்கத்தில் இருந்த சோற்றுப் பானையை ஓங்கித் தள்ளிக் கஞ்சி காலில் கொதிக்கக் கொதிக்கக் கொட்டினால்கூடத் தேவலை. அப்புறம்தான் கட் பண்ணினது நினைவுக்கு வந்தது. முதலில் அது ஒரு பெரிய விஷயமாகப் படவில்லை. ஆசீர் கூப்பிடுகிற நேரம் இது இல்லை. அவன் கூப்பிடுகிற நேரம் பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம். பன்னிரண்டுக்குத்தான் பிராந்திக் கடை திறக்கும், ரயில்வே இரண்டாம் கேட் பக்கம், அவன் லோடு இறக்கிவிட்டு வருகிற வழியில். ஒரு வருஷமும் நாலு மாதமும், ஞாயிறு தவிர ஒரு நாள் விடாமல், "யம்மா, ரெண்டாம் கேட்டுக்குப் பக்கத்துல வந்துட்டேன், எதாச்சும் பேசு" என்பான். அவள் பேசுவாள். சாளை கிலோ என்ன விலை, பியூலா பிள்ளைக்குப் பல் முளைத்தது, எதிர்வீட்டுக்காரி தண்ணீர்க் குடத்துக்குச் சண்டை போட்டது. அவளுக்குத் தெரிந்த ஜெபம் எல்லாம் அதற்குள் கலந்துவிடும். அவன் உம் உம் என்று வண்டியை ஓட்டிக்கொண்டே இருப்பான். கடைசியில் "தாண்டிட்டேம்மா" என்பான். வைத்துவிடுவான். அதுதான் நாளைக்கு நாள் அவனைக் கடையைத் தாண்ட வைத்த சங்கதி, மாத்திரை இல்லை, டாக்டர் இல்லை. அந்தக் கூப்பிடுதல் இன்றைக்கு அரை மணி நேரம் முன்னாலேயே வந்திருக்கிறது. தாகம் இன்றைக்கு அரை மணி நேரம் முன்னாலேயே வந்திருக்கிறது.

அவள் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும் கூப்பிட்டாள். மூன்றாவது தடவை, நீங்கள் அழைக்கும் எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பெண் சொன்னாள், அந்தப் பெண்ணின் கூந்தலைப் பிடித்துச் சுவரில் மோத வேண்டும். கிழிந்த காதில் போனை வைக்க வலித்திருக்கும். வண்டி ஓட்டுகிறான், அணைத்திருப்பான். சார்ஜ் இருக்காது. பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் முன்னால் கூப்பிடுவான், எப்போதும் போலக் கூப்பிடுவான், அவன் தப்பு செய்திருக்கிறான், திருடியிருக்கிறான், அவன்தான் கூப்பிட வேண்டும், நான் ஏன். அதுவரைக்கும் என்ன செய்வது? சட்டப்படி எழுந்திருக்க வேண்டும். திரை மறுபடியும் கேட்டது, இருநூறு போட்டு உட்காரவா. அவள் வாழ்க்கையில் மூன்றாவது இருநூறு போட்டதே கிடையாது. கை தொட்டது. நேற்றைய அதே கை. அப்புறம் அவள் ஆடினது ஆட்டமே இல்லை. எட்டும் மூன்றும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் தள்ளினாள், மூன்று பேர் அலறியடித்து எறிந்தார்கள். கூட்டத்தில் உலக்கையைச் சுழற்றிக்கொண்டு போகிற மாதிரி. பயம் என்கிற ஒன்று போய்விட்டால் இவ்வளவு எளிதா இது? அடி. ஆசீர் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு தடவைகூட அடித்ததில்லை, அவன் அப்பா அடிக்க வந்தால் நடுவில் போய் நின்று தானே வாங்கிக்கொண்டாள், அந்த மனுஷர் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம், அப்போது வாங்கினதெல்லாம் எங்கே போயிற்று என்று நினைத்திருந்தாள், எங்கேயும் போகவில்லை, எல்லாம் இந்தத் தோளில் பத்திரமாக இருந்திருக்கிறது, அடி. இரண்டு ஏழு வந்தது, நடுவில் மூன்றாவது ஏழு விழுந்தது, சிங்கம் ஏதோ ஜோடியை நம்பிக் கடைசி வரைக்கும் வந்தான், கடைசி ரூபாயை அவனிடமிருந்து உருவியபோது பல் இல்லாத இடத்தில் நாக்கைத் துழாவிக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். நானூற்றெண்பது. இன்னொரு கை, ஐந்நூற்று அறுபது. இன்னொன்று, அறுநூற்றுப் பத்து. மணி பதினொன்று நாற்பத்தொன்பது. போதும், அவன் கூப்பிடுகிற நேரம். எழுந்துவிட்டாள். இருநூறு போட்டு அறுநூற்றுப் பத்து எடுத்தாயிற்று. நானூற்றுப் பத்து லாபம். ஸ்தோத்திரம். கர்த்தருக்கு நாற்பத்தொன்று.

நாற்பத்தொன்று என்று சொன்ன வாய் அப்படியே நின்றது. காலையிலிருந்து இரண்டு இருநூறு போயிருக்கிறது. நானூறு போய் நானூற்றுப் பத்து வந்திருக்கிறது. அவளுக்குக் கிடைத்தது பத்து ரூபாய். பத்து ரூபாய் கிடைத்தவள் நாற்பத்தொரு ரூபாய் காணிக்கை வைப்பது எப்படி? அந்த முப்பத்தொன்று எங்கிருந்து வரும்? முதலிலிருந்து வரும். அதே பானையிலிருந்து வரும். தோற்ற மேசைக்குக் கர்த்தர் ஒன்றும் திருப்பித் தருவதில்லை, ஜெயித்த மேசைக்கு மட்டும் பத்தில் ஒன்று, மேசைக்கு மேசை, ஒரு வருஷமாக. ஜெயித்த மேசைகளில் முப்பத்தோராயிரம். அதில் பத்தில் ஒன்று. அவள் விரலை மடக்கிப் பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை. மூவாயிரத்து நூறு. கர்த்தருக்குக் கொடுத்ததை எழுதி வைக்கக் கூடாது, எழுதினால் அது காணிக்கை இல்லை, கடன் என்று வளர்க்கப்பட்டவள். மாதத்துக்கு இரண்டு ஞாயிறு, நூற்றிருபது, நூற்று முப்பது, கவரில் வைத்து நாக்கால் ஒட்டி, பையில் போட்ட நிமிஷமே மறந்துவிடுவதுதான் மரியாதை என்று மறந்துவிட்டாள். அட்டையைக் கொடுத்து எடுத்து வரச் சொன்னதும் அவள்தான். நீ சொல்லாம ஒரு ரூவா நான் எடுக்கல. சொல்லித்தான் எடுத்தான். ஒவ்வொரு தடவையும் அவள் சொல்லித்தான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் கோபம் அறை முழுக்கச் சுற்றிச் சுற்றி முட்டியது, கோழியை அறுத்துவிட்டுக் கீழே போட்டால் முட்டுகிற மாதிரி. சுவரில் இருந்த வசனக் காலண்டரைப் பார்த்து, "நீர் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கத்தினாள். கவரை வாங்கி வாங்கிப் போட்டுக்கொண்டவர் ஒரு தடவை அவள் கனவில் வந்து, மகளே, கணக்கு உதைக்கிறதே என்று சொல்லியிருக்கக் கூடாதா? இல்லை, அவர் கேட்கவே இல்லையே. சூதாடின காசில் பத்தில் ஒன்று கொடு என்று எந்த அதிகாரத்தில் கேட்டார்? லஞ்சம் கொடுத்தது அவள். லஞ்சம் கொடுத்தவள், கொடுத்ததை மறந்துவிட்டு, பெற்ற பிள்ளையின் காதைக் கிழித்தவள். பன்னிரண்டுக்கு எட்டு நிமிஷம். போன் ஒலிக்கவில்லை. ஏழு நிமிஷம். ஒலிக்கவில்லை. சுவரில் நெற்றியை ஒரு தடவை மோதினாள், பலமாகத்தான், வலித்தது, அந்த வலியில் என்ன பிரயோஜனம் என்று அடுத்த மோதலை நிறுத்தினாள். வீட்டைப் பூட்டாமல் இறங்கினாள்.

இரண்டாம் கேட் நடக்கிற தூரம்தான், நல்ல காலுக்குப் பத்து நிமிஷம். அவள் காலுக்கு இருபது. உப்பு லாரி ஒன்று முன்னால் பிரேக் அடித்து நின்று டிரைவர் அசிங்கமாக ஏசினான், அடிச்சிட்டுப் போயேம்ல என்று பதிலுக்கு ஏசினாள், அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தது அவளுக்கே புதிது. தொடைக்குள் வைத்த ஆணி ஒவ்வோர் எட்டுக்கும் எலும்பைத் துளைத்தது. துளைக்கட்டும். குடித்துவிட்டால் அவன் நிற்க மாட்டான், அவளுக்குத் தெரியும், ஒன்று என்று பியூலா கல்யாணத்துக்கு முந்தின நாள் ஆரம்பித்தது ஒன்பது நாள் போயிற்று, ஒன்பதாம் நாள் கால்வாய் ஓரத்திலிருந்து வாரிக்கொண்டு வந்தார்கள், ஈரல் இன்னொரு தடவை தாங்காது என்று டாக்டர் விரலை நீட்டிச் சொன்னார், சொல்லி ஒரு வருஷமும் நாலு மாதமும். அவனை வெட்டிப் போட்டுவிட்டு நானும் செத்துப்போவேன். சவப்பெட்டியில் அவன் முகம், கிழிந்த காதில் பஞ்சு, ஐயர் வந்து பாட்டுப் புத்தகத்தைத் திறக்கிறார், அவள் அந்தப் புத்தகத்தைப் பிடுங்கிக் கிழிக்கிறாள், இல்லை, இல்லை, ஆண்டவரே, இன்றைக்கு ஒரு நாள், காணிக்கை இல்லாமல், கவர் இல்லாமல், நான் கொடுக்க ஒன்றும் இல்லாமல் கேட்கிறேன், அவனை அந்த வாசலில் வைத்துக் காலை ஒடித்துப் போடும், என் காலை ஒடித்த மாதிரி ஒடித்துப் போடும், நடக்க முடியாமல் போகட்டும். இப்படி ஒரு ஜெபத்தை அவள் இதற்கு முன் செய்ததில்லை. மணி பார்க்கப் போனை எடுத்தாள். பன்னிரண்டு எட்டு.

ஆசீரின் குட்டியானை லோடு வண்டி கடைக்கு எதிர்ச் சாரியில் நின்றது, கதவு சரியாகச் சாத்தாமல். கம்பி வலைக்கு முன்னால் இருபது பேர் நெருக்கியடித்து வரிசையில் நின்றார்கள். முன்னாலிருந்து நாலாவது ஆள் அவன். காதில் வெள்ளைத் துணியை வைத்து பிளாஸ்திரி ஒட்டியிருந்தான், யார் ஒட்டிவிட்டார்களோ, கையில் பணத்தைச் சுருட்டி வைத்திருந்தான். ஆண்கள் கூட்டத்துக்குள் அவள் நொண்டிக்கொண்டு நுழைந்தாள். "ஏ, பெரியம்மாவுக்கு வழி விடுங்கவே, அவசரமாம்" என்றான் ஒருத்தன். "குவார்ட்டரா, ஆஃபா பெரியம்மா?" என்றான் இன்னொருத்தன். "கோயில் விசேஷமா இருக்கும்ல" என்று பின்னால் ஒரு குரல், ஒரு சிரிப்பு. அவள் யாரையும் பார்க்கவில்லை. மூன்றாவது ஆளாகிவிட்டிருந்த மகனின் முழங்கையைப் பிடித்தாள்.

"ஏய்யா, நீ எடுக்கல."

அவன் திரும்பினான். கண் சிவந்திருந்தது.

"நீ எடுக்கல. நாந்தான். மேசைக்கு மேசை கோயிலுக்குக் குடுத்தம்லா, அதான் அந்த மூவாயிரத்து நூறு. கணக்கு சரியா இருக்கு. நான் எழுதி வைக்கல, மறந்துட்டேன். நீ எடுக்கலய்யா."

"இதச் சொல்லவா வந்த?"

"ஆமா."

"இங்க வந்து சொல்லுத. இத்தன பேரு முன்னால."

"ஆமா. நான் அடிச்சது தப்பு."

"போம்மா." அவன் முழங்கையை உதறினான். வரிசை ஓர் அடி நகர்ந்தது. அவனுக்கு முன்னால் இனி ஒருத்தன்தான். "நேத்து நீ அடிச்சேல்ல, அதுக்கு நான் வரல இங்க. தெரியுமா உனக்கு? அடிச்சதத் தாங்கிட்டேன். களவாணின்னு சொன்னதையும் தாங்கிட்டேன். இன்னிக்குப் போன் பண்ணுனேன். ஏன் கட் பண்ணுன? ஏன் கட் பண்ணுனன்னு சொல்லு."

அவள் பொய் சொல்லியிருக்கலாம். அடுப்பில் கை வேலையாக இருந்தது என்று சொல்லியிருக்கலாம், ஒரு வருஷமாக முகம் மாறாமல் பொய்யை ஏற்றக் கற்றுக்கொண்டவள்தான்.

"ராணி ரெண்டு வந்திருந்துச்சு" என்றாள்.

முதலில் அவனுக்கு விளங்கவில்லை. விளங்கினதும் முகத்தில் ரத்தம் ஏறினதை அவள் பார்த்தாள், கழுத்து நரம்பு புடைத்தது, நாலு வருஷத்துக்கு முன் பல் விழுந்த ராத்திரி புடைத்த அதே நரம்பு. "ராணியா?" என்றான். "ராணியா வந்துச்சு உனக்கு?" என்று அலறினான். அலறிக்கொண்டே வரிசையை விட்டு வெளியே வந்தான், அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, இழுத்த இழுப்பில் அவள் கால் மடங்கியது, வண்டியின் பக்கம் கொண்டுவந்து விட்டுவிட்டு டயரை உதைத்தான், மறுபடியும் உதைத்தான், கதவை அடித்துச் சாத்தினான், அது திரும்பித் திறந்துகொண்டது, மறுபடியும் அடித்தான். "நான் அங்க ரோட்டோரமா வண்டிய நிப்பாட்டிட்டு, கை நடுங்கி, ஸ்டீயரிங்கப் புடிக்க முடியாம, எங்கம்மா எடுப்பா, எங்கம்மா எடுப்பான்னு உக்காந்திருக்கேன், உனக்கு ராணி வந்திருந்துச்சா? நீ தாயா, பேயா? ஒன்னக் கொன்னு போட்டாத்தான் என்ன?" அவன் முஷ்டி அவள் தலைக்கு மேல் வண்டியின் தகரத்தில் இறங்கியது. தகரம் குழிந்தது. வரிசையில் இருந்து ஒருத்தன், "தம்பி, வாங்குதியா இல்லியா? முறை போவுது பாத்துக்க" என்றான். "போல!" என்று ஆசீர் அந்தப் பக்கம் திரும்பிக் கத்தினான், "ஒன் முறையத் தூக்கிக் குப்பையில போடு!" சிரித்தார்கள். அவன் இடத்தில் வேறொருத்தன் நெருங்கி நின்றுகொண்டான், அவனுக்குப் பின்னால் இன்னொருத்தன், வரிசை மூடிக்கொண்டது. ஆசீர் அதைப் பார்க்கவில்லை. குனிந்து அவள் முகத்துக்கு நேரே முகத்தைக் கொண்டுவந்து, எச்சில் தெறிக்கத் தெறிக்க, சின்ன வயசிலிருந்து அவள் செய்த ஒவ்வொன்றையும் எடுத்து வீசிக்கொண்டிருந்தான், பியூலாவுக்கு மட்டும் எடுத்த புதுத்துணி, அப்பா அடிக்கும்போது நடுவில் வந்து நின்று அவனைக் குற்றவாளி ஆக்கினது, சபையில் எழுந்து நின்று ஊருக்கெல்லாம் அவன் குடித்ததைச் சாட்சி சொன்னது. ஒவ்வொன்றும் பட்டது. ஒன்றையும் அவள் தடுக்கவில்லை. அவன் மூச்சு அவள் முகத்தில் சூடாக வந்து அடித்தது. அவள் கண்ணை மூடி அதை இழுத்து முகர்ந்தாள். காலையிலிருந்து சாப்பிடாத வாயின் நாற்றம். அதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை.